மூன்று மிடறு தண்ணீர்

குழாயைத் திறந்தால், முதல் கையளவு தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் அவர் குடிப்பார். எண்பதுகளின் நடுவில், லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சீன உணவுக்கடையின் சமையலறையில் கோப்பை கழுவச் சேர்ந்த முதல் நாளே அதைக் கவனித்தேன். அவர் அங்கே தலைமைச் சமையற்காரர், ஐம்பதை நெருங்கியவர். நான் ‘சீன அண்ணை’ என்பேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்களூர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது.

அந்தத் தண்ணீர் யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன்.

“அது அந்த மருமகளுக்கு,” என்றார்.

தென்சீனத்தில் அவருடைய ஊருக்கு வெளியே, தெருவோரப் பாறையடியில் ஓர் ஊற்று. கடும் வறட்சியில், வீட்டிலிருந்த கடைசிக் கிண்ணத் தண்ணீரை வழிப்போக்கன் ஒருவனுக்குக் கொடுத்ததற்காக மாமியார் துரத்திவிட்ட பெண், உட்கார்ந்து அழுத இடத்தில் ஊறியதாம் அது. உப்புச் சுமை காவியவர்களும் யப்பானியப் படைக்குப் பயந்து ஓடியவர்களும் அங்கேதான் தாகம் தீர்த்தார்கள். முதல் கையளவு அவளுக்கு. பிறகு மூன்று மிடறு குடித்துவிட்டுப் போகிறவர் எப்படியும் ஊர் திரும்புவார் என்று நம்பினார்கள்.

அறுபதையொட்டிய பஞ்ச காலத்தில் அவரும் தம்பியும் ஹொங்கொங்குக்குத் தப்பிப் போகப் புறப்பட்டார்கள். முடிவில் கடலை நீந்திக் கடக்கவேண்டும். ஊற்றடிக்கு வந்ததும் தம்பி, “நீங்கள் நடவுங்கோ அண்ணை, நான் குடிச்சிட்டு வாறன்,” என்றானாம். இவர் குடிக்கவுமில்லை, நிற்கவுமில்லை. தம்பி பிடிபட்டுவிட்டான் என்று பின்னர் தாயிடமிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு எதுவுமில்லை.

“இப்ப போக விடுறாங்கள்தானே? போய்ப் பாக்கேலாதோ?” என்றேன்.

“அவன் இல்லையெண்டால்? இருந்து, ஏன் விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு கேட்டால்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ர ஊரில சண்டை நடக்குது. எனக்குப் போக ஏலாது. உங்களுக்கு ஏலும், அண்ணை!”

வெங்காயத்தாள் வெட்டி முடிந்த பின்னும் அவருடைய கத்தி வெறும் பலகையில் தட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வெஸ்ட் ஈலிங்கில் ஒரு பலசரக்குக் கடைக்கு மாறியிருந்தேன். ஒரு மத்தியானம், ரயில் மாறி மாறி என்னைத் தேடி வந்தார். ஊருக்குப் போய் வந்துவிட்டாராம். தம்பி உயிரோடிருந்தான், சில வருடம் சிறையிலிருந்து, பிறகு வயல் செய்து, பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டான். தெரு அகலமாகி, ஊற்றைச் சுற்றிச் சீமெந்துத் தொட்டி கட்டியிருந்தார்கள். அதன் விளிம்பில் உட்கார்ந்து இவர் மன்னிப்புக் கேட்டபோது தம்பி திகைத்துப்போனானாம்.

“எனக்குத் தாகமே இல்லை, அண்ணை. கடலுக்குப் பயம். சொல்ல வெக்கமாயிருந்தது. தண்ணியைச் சாட்டி நிண்டுட்டன். உங்களைத் தனிய விட்டிட்டன் எண்டு நானெல்லோ இவ்வளவு காலமும் அழுதனான்!”

அதைச் சொல்லிச் சிரித்தவர், கடைக்கு வந்த சனம் பார்க்க விம்மி அழுதார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கோடையில் தம்பியை லண்டனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அவன் மறுத்துவிட்டான். விமானம் கடலுக்கு மேலால்தான் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.