காப்பித்தூளும் ஒரு மணி நேரப் பரிசோதனையும்

எதையும் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. ஓட்டை எங்கே, கறை எங்கே என்று தேடித் தேடிக் கண்ணுக்கு வந்த பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எனக்கு நேர்மாறு. பத்துக் கேள்வி கேட்டால் ஒரு வார்த்தை வரும், அதுவும் பெரும்பாலும் 'சும்மா இரு'.

கட்டிங் மெஷின் கத்தி அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலைக் கிழித்தபோதும் வாயைத் திறக்கவில்லை. மாட்ட வேண்டிய கம்பிக் கையுறை ஆணியில் தொங்கியது. காயத்தில் காப்பித்தூளை அப்பி, வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் முதலுதவி என்றால் அதுதான். அப்புறம் சீழ் வைத்தது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை கேட்கவில்லை. காய்ச்சலும் சேர்ந்துகொண்ட பிறகுதான் மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

புறங்கையில் சிவப்பு எதுவரை பரவியிருக்கிறதோ அதுவரை டாக்டரம்மா பேனாவால் கோடு போட்டார்.

"இதத் தாண்டிப் போச்சுன்னா விரலைக் காப்பாத்தறது கஷ்டம். சாதாரண மருந்துக்கு மசியாத ஸ்டாஃப்ங்கற கிருமியோன்னு சந்தேகமா இருக்கு. அதுக்கான ஊசி கிட்னிக்குச் சுமை, இவருக்குச் சர்க்கரை வேற. டெஸ்ட் பண்ணி உறுதியாத் தெரிஞ்சுட்டுப் போடலாம்."

அடுக்கி வைத்த துணி நகராமல் பிடிப்பதே அந்த விரல்தான். அது போனால் அவர் மாஸ்டர் இல்லை.

சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்துக்கொண்டு போன லேப் பெண்ணின் பின்னாலேயே நானும் போனேன். மெஷின் மேஜை மேல் வைக்கிற சின்னப் பெட்டிதான். அதை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன்.

"கிருமிய வளத்துப் பாக்கறதுன்னா ரெண்டு மூணு நாள் ஆகுங்க்கா. இது வளக்காது. மருந்த எதுத்து நிக்க வெக்கற ஒரு மரபணு கிருமிக்குள்ள இருக்கான்னு தேடும். இருந்தா அதையே திரும்பத் திரும்ப நகல் எடுத்துக் கோடிக்கணக்காப் பெருக்கிக் காட்டும். ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுரும்."

ஒரு சாம்பிள் பீஸை வைத்துக்கொண்டு லட்சம் பீஸ் தைக்கிற ஊர் எங்களுடையது. சட்டென்று புரிந்துவிட்டது. அந்த நேரத்திலும் அந்தப் பெட்டி மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"மெஷின் இருக்குன்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நகல் எடுக்க விடாம எதோ தடுக்குது. காயத்துல ஏதாச்சும் போட்டீங்களாண்ணா?"

"ஒண்ணும் போடலீங்க" என்றார் இவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

இவருடைய வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நக இடுக்கில் பழுப்பாகத் தூள். நான் குளிக்கப் போன நேரத்தில் புதிதாக அப்பியிருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏனுங்க, வெரலு போற நேரத்துல கூடவா பொய்யி? காப்பித்தூளு வெச்சிருக்காருங்க கண்ணு. இன்னைக்குக் காத்தாலையும் வெச்சிருக்காரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பித்தூளில் இருக்கும் சில பொருள்கள் நகல் எடுப்பதைத் தடுத்துவிடுமாம். எங்கள் வீட்டு டப்பாவில் இருந்த தூள் அவ்வளவு கெட்டிக்கார மெஷினையே ஊமையாக்கிவிட்டது என்பது, இருந்த பயத்திலும் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா காயத்தைத் திறந்து, சீழை வெளியேற்றி, நன்றாகக் கழுவி, மறுபடி பஞ்சுக்குச்சியில் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு மணி நேரம். கையிலிருந்த சிவப்பு அந்தப் பேனாக் கோட்டைத் தொட்டு நின்றது, இன்னும் தாண்டவில்லை. எனக்கு மெஷினையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவர் கையையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை மெஷின் வாயைத் திறந்தது. சந்தேகப்பட்ட கிருமியேதான். அப்போதே டாக்டரம்மா சொன்ன அந்த ஊசியைப் போட்டார்கள். கிட்னிக்காகத் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது, வீக்கம் வடிந்தது. ஆனால் விரல் பழையபடி வேலைக்கு ஆகுமா என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்து, "மடக்கிப் பாருங்க" என்றார். விரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு மெதுவாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டது.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலியா?" என்றார்.

நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.