மூன்றாவது சிலிண்டரில் விழுந்த நட்டு

எங்கள் அம்பாசிடரைக் காயலாங்கடைக்குப் போட்டுவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தது அப்பா இறந்த மறு வருடம், இரண்டாயிரத்து ஏழில். அவன் குடும்பத்தோடு சிதம்பரத்தில் இருந்தான். நானும் அம்மாவும் கடலூர் மஞ்சக்குப்பத்தில். திதிக்கு வந்தவன், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொன்னான்.

"கல்யாணமாகிப் போவப்போற புள்ளைக்கு எதுக்குடி காரு? நம்ம ரெண்டு பேர் வயசவிட ஜாஸ்தி வயசு அதுக்கு. தெருமுனை தாண்டாது."

எனக்கு வந்ததே கோபம்! அப்பா படுத்துக் கிடந்த இரண்டு வருடமும் வாரம் தவறாமல் அந்த வண்டியில் அவரைச் சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் நான். அதற்காகவே மஞ்சக்குப்பம் மைதானத்தில், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரிக்க, ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதே ஊரில் இருந்த இந்த மகராசன் ஆஸ்பத்திரிக்கு எட்டிப் பார்த்தது மூன்று தடவையோ நான்கு தடவையோ. வண்டி எனக்குத்தான் என்று அப்பா வாயாலேயே சொன்னார். எழுதி வைக்கவில்லை.

"தெருமுனை தாண்டாதா? வர்ற ஞாயித்துக்கெழம உன் வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறேன். நிறுத்திட்டா வண்டி எனக்கு. அப்புறம் நீ வாயத் தொறக்கக் கூடாது."

"பன்னண்டு மணிக்குள்ள வரணும். இல்லன்னா மறுநாள் ஆள் வந்து இழுத்துட்டுப் போவான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா சொன்னபோது கூட இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் பேசியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பானெட்டைத் திறந்தேன். வழியில் மக்கர் பண்ணக்கூடாதே என்று இன்ஜினின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிக் கரியைச் சுரண்ட ஆரம்பித்தேன். பிளக்கின் தலையில் ஒரு சின்னப் பித்தளை நட்டு இருக்கும். மூன்றாவது பிளக்கில் அது லூசாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்ஜினுக்கு நேர் மேலேயே பிடித்துக்கொண்டு சுரண்டினேன். கழன்று விழுந்த நட்டு, பிளக் இருந்த ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் போய்விட்டது. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அந்த நட்டோடு வண்டியை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் போச்சு.

முதுநகர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அப்பா காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்ப்பவர். ஒன்பது மணிக்கு வந்து, நீளக் கம்பியில் கட்டிய காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினார்.

"பித்தளையாச்சேம்மா, காந்தம் எப்டிப் புடிக்கும்? ஹெட்ட எறக்கணும், இன்ஜின் மேல்மூடியையே கழட்டணும். மூணு நாள் ஆவும்."

"மூணு நாளா? எனக்கு மூணு மணி நேரந்தான் இருக்கு."

"அப்போ அண்ணனுக்குப் போனப் போட்டுடு." சிரித்தார் மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே அம்மா பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். காடாம்புலியூரிலிருந்து சித்தி அனுப்பியது, அண்ணன் பிள்ளைகளுக்கு. வடியும் பாலை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து ஓரமாக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பாலில் கொஞ்சத்தை ஈர்க்குச்சி நுனியில் அப்பிக்கொண்டு ஓடினேன். மெக்கானிக்கிடம், வண்டியின் முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெல்லத் திருப்பி, பிஸ்டனை மேலே கொண்டுவரச் சொன்னேன். டார்ச் வெளிச்சத்தில் நட்டு பளபளத்தது. குச்சியை விட்டு அழுத்தினேன். தொட்டது, வழுக்கியது. நான்கு முறை, ஐந்து முறை. கரிதான் வந்தது.

"பலாப்பால்ல காரு ரிப்பேரு! இதையும் பாத்துட்டேன்" என்றார் மெக்கானிக்.

அப்போதுதான் விரலில் பிசுபிசுப்பு இல்லாததை உணர்ந்தேன். எண்ணெய்! கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டுதான் எங்கள் பக்கத்தில் பலாவைத் தொடுவார்கள். எண்ணெய் பட்ட பால் எதில் ஒட்டும்? பத்து நிமிடத்தை வீணாக்கியிருந்தேன்.

பெட்ரோலில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி சிலிண்டருக்குள் துடைத்துவிட்டு, காயட்டும் என்று விட்டேன். உள்ளே போய் வேறு கத்தி எடுத்து, இன்னும் அரியாமல் கிடந்த பாதிப் பழத்தில் வெறுங்கையால் கை வைத்தேன்.

"எண்ண தடவாம யாராச்சும் பலாவுல கைய வைப்பாங்களாடி? கை நாசமாப் போவும்!"

"போவட்டும்."

நடுத்தண்டை வெட்ட வெட்டப் பால் பொங்கியது. விரலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. புதுக் குச்சியில் உருட்டி எடுத்து மறுபடி இறக்கினேன். அழுத்திப் பிடித்து, மனதுக்குள் இருபது வரை எண்ணி, மெதுவாக இழுத்தேன். ஓட்டை விளிம்பில் ஒரு தரம் தட்டியது. மூச்சை அடக்கிக்கொண்டு குச்சியைக் கொஞ்சம் சாய்த்தேன். வந்தது! குச்சி நுனியில் கரியும் பாலுமாக என் நட்டு!

மெக்கானிக் சிரிக்கவில்லை. "குடும்மா, பிளக்க நான் மாட்டுறேன்" என்றார். நானே மாட்டினேன். ஸ்பானரைக் கையிலிருந்து பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது. கையில் எண்ணெய் போட்டுத் தேய்க்கக்கூட நேரமில்லை. மணி பத்தரை தாண்டிவிட்டது. அம்மா பலாச்சுளைத் தூக்கோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.   வழி நெடுக ஸ்டியரிங் என் கையை விடமாட்டேன் என்றது. புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, அண்ணன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் பாக்கி.

அண்ணன் வெளியே வந்தான். வண்டியைச் சுற்றிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சரி, வந்துட்ட. ஆனா கடைக்காரன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன், நாளைக்கு வர்றான். சாவியக் குடு."

 பேசிய பேச்சை ஒரு வாரத்தில் முழுங்கிவிட்டான் பாருங்கள்! பிறகு உள்ளங்கையை விரித்து நீட்டினேன். சாவி அதில் ஒட்டியிருந்தது. கையைக் கவிழ்த்து உதறிக் காட்டினேன். விழவில்லை.

"முடிஞ்சா எடுத்துக்க."

பிடித்து இழுத்தான். நூல் நூலாகப் பால் நீண்டு அவன் விரலிலும் ஒட்டியது. சாவி என் கையை விட்டு வரவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி அண்ணியைக் கூப்பிட்டான். "ஏய், கொஞ்சம் எண்ண எடுத்தா!"

அம்மா இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"எண்ணல்லாம் வேணாம்டா. அப்பா அவளுக்குத்தான் குடுத்தாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."