வோஜ் மலையில் ஒரு தற்செயல்

போன சனிக்கிழமை கடையில் சீஸ் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கடந்தபோது ஒரு மணம் வந்து மூக்கைப் பிடித்தது. செம்மஞ்சள் தோலோடு ஒரு சின்ன வட்டக்கட்டி. பெயர் மன்ஸ்டர், பிறந்த இடம் பிரான்சின் வோஜ் மலை. மன்னார்க் கருவாட்டை காலில் போட்டு நனைந்த சப்பாத்துக்குள் ஒரு கிழமை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரி இரண்டடி தள்ளிப் போனார். நான் மட்டும் நின்று சிரித்தேன். இந்த மணத்தைக் காரணம் காட்டி ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவள் நான். நம்ப மாட்டீர்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். எனக்கு இருபத்தேழு வயது, ஸ்டுட்கார்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை. அந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் பல்தான் தெரியும், முகம் பிறகுதான். அதற்குள் மூன்று மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் கட்லெட்டைப் புகழ்ந்து சாப்பிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போயிருந்தார்கள். அவர்கள் யோசித்து முடிக்கும் முன்பே அடுத்த தமிழ்ப் பூசையில் எல்லோருக்கும் முடிவு தெரிந்திருக்கும். மூன்றாவது முறைக்குப் பிறகு அம்மா மாதா கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருக்கத் தொடங்கினார். நாலாவதும் அப்படிப் போனால் கோயிலுக்கே வரமாட்டார் என்று அப்பா பயந்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம்தான்.

அப்போது வந்து சேர்ந்தவர் திரேசம்மா அக்கா. கிழமை நாட்களில் அலுவலகங்களைத் துப்புரவாக்குவார், சனி ஞாயிறுகளில் கலியாணம் பேசுவார். இரண்டு வேலையிலும் கறாரானவர். பாரிசில் ஒரு பெடியன், பெயர் ரெஜி, உணவகத்தில் சமையல் வேலை, நல்ல குடும்பம் என்றார். அதோடு புதிதாக ஒரு திட்டமும் வைத்திருந்தார்.

"வீட்டை வரத் தேவையில்லை. பாரிசுக்கும் இஞ்சைக்கும் நடுவிலை ஒரு மலை கிடக்கு. ரெண்டு பகுதியும் மலை பாக்கப் போங்கோ. தற்செயலாச் சந்தியுங்கோ. சரிவராட்டி ஆர் ஆரை வேண்டாமெண்டது? ஒருத்தரும் இல்லை. எல்லாரும் மலை பாக்கத்தானே போனது!"

அப்பா உடனே வோஜ் மலையின் வரைபடம் ஒன்று வாங்கினார். புகலிடக் கடவுச்சீட்டில் அவருக்கு இதுதான் முதல் உல்லாசப் பயணம். நடிப்புத்தானே என்று விட்டுவிடாமல் உண்மையாகவே படித்தார். ஏரியின் ஆழம், மலையின் உயரம், பசுக்களின் இனம் எல்லாம் மனப்பாடம். அம்மா ஒரு சட்டி நிறைய மட்டன் ரோல் பொரித்தார். மலை பார்க்கப் போகிறவர்கள் எதற்குக் காஞ்சிபுரம் கட்டவேண்டும் என்று நான் கேட்டேன். "தற்செயலா ஆரையும் சந்திச்சா?" என்றார் அம்மா.

ஜெரார்மே ஏரிக்கரையில் சந்திப்பு. காற்சட்டையும் முதுகுப்பையுமாக வெள்ளைக்காரர்கள் நடந்துகொண்டிருக்க, எங்கள் பக்கம் ஐந்து பேர், அவர்கள் பக்கம் ஆறு பேர், கோட்டும் பட்டும் பவுனுமாக எதிரெதிரே வந்தோம். அப்பா மாப்பிள்ளையின் தகப்பனைப் பார்த்து, "எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு" என்றார். மூன்று கிழமையாக இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டிருந்தவர்கள். "ஓமோம், எனக்கும் அப்பிடித்தான்" என்றார் அவர். நான் செருமி ஒருமாதிரிச் சிரிப்பை விழுங்கினேன். பிறகு மாப்பிள்ளையின் தாய் என்னை மேலிருந்து கீழே பார்த்து, "போட்டோவிலை இன்னும் கொஞ்சம் நிறமா இருந்தவா" என்றார். தற்செயல் அந்த இடத்திலேயே செத்துப்போனது. திரேசம்மா அக்கா ஏரியைக் காட்டி, "என்ன தண்ணி, என்ன தண்ணி!" என்று கத்தி நிலைமையைச் சமாளித்தார்.

அங்கிருந்து காரில் மலை உச்சிக்குப் போனோம். கீழே கருகருவென்று ஊசியிலைக் காடு. மேலே மொட்டையாய் உருண்ட புல்வெளி. கழுத்து மணியோடு மாடுகள் மேய, நடுவில் ஒரு பண்ணை வீடு. அந்த வீட்டிலேயே சாப்பாடும் கொடுக்கிறார்கள். பெரியவர்கள் புல்லில் பாய் விரித்து ரோல் சட்டியைத் திறந்தார்கள். "பிள்ளையள் போய் மாடு பாத்திட்டு வாங்கோ" என்று எங்கள் இருவரையும் அனுப்பினார் திரேசம்மா அக்கா.

ரெஜி மாட்டைப் பார்க்கவில்லை, நேரே பண்ணை வீட்டுக்குள் போனார். "இவ்வளவு தூரம் வந்து ரோலைத் தின்னவே?" வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வெந்த உருளைக்கிழங்கும், மேலே மன்ஸ்டர் சீஸும் வந்தன. நான் மூக்கைப் பொத்தினேன். "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு வாயிலை போடுங்கோ, பிறகு விடுங்கோ" என்றார். செய்தேன். இவ்வளவு கெட்ட மணத்துக்குள் இவ்வளவு மென்மையான ருசியா! அவர் சிரித்தார். ஒரு பல்லிலும் குறை இல்லை.

அப்புறம்தான் கேட்டார். "எனக்கொரு உதவி செய்வியளே? நான் பாரிசிலை ஒருத்தியை விரும்புறன். வெள்ளைக்காரி. வீட்டிலை இன்னும் சொல்லேல்லை. நான் உங்களை வேண்டாமெண்டா உங்களுக்குத்தான் பேர் கெடும். நீங்கள் என்னை வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

தட்டில் இருந்த கிழங்கைக் கரண்டியால் கூழாகும்வரை மசித்தேன்.

"என்ன காரணம் சொல்லுறது?" என்றேன்.

"குடிக்கிறவன் எண்டு சொல்லலாம்."

"உங்கடை அம்மா செத்துப்போவா. கட்டையெண்டு சொல்லவோ?"

"உங்களை விட நாலு விரல் உயரம்."

இப்படியே அவரில் குறை தேடிக் கால் மணி நேரம் சிரித்தோம். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் இந்த நாற்றச் சீஸைத் தின்கிற ஆளோடு குடும்பம் நடத்த ஏலாது என்று சொல்வதாக முடிவு செய்தோம். அந்த வெற்றியைக் கொண்டாட அந்த மலையில் விளையும் கறுநீலச் சிறுபழங்கள் போட்ட இனிப்பு அப்பம் ஒன்றை வாங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

வெளியே வந்தபோது எங்கள் இரண்டு பேரின் நாக்கும் நீலம், பல்லும் நீலம். அம்மா பார்த்தார். ரெஜியின் தாயும் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்பாக்கள் கைகுலுக்கினார்கள். "ஒரே தட்டு!" என்று, யன்னலால் எட்டிப் பார்த்திருந்த திரேசம்மா அக்கா மாடுகளுக்கும் கேட்கும்படி அறிவித்தார். ரெஜி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பரிதாபமும் சிரிப்பும் கலந்த பார்வை.

திரும்பும் வழியில், ரைன் ஆற்றுப் பாலத்தில் கார் ஏறியபோது, மாப்பிள்ளை வேண்டாம், அந்தச் சீஸ் மணம் தாங்க ஏலாது என்று சொன்னேன். பிறகு அம்மா, "சீஸ் மணத்துக்காகவோ?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கோயிலில் 'சீஸுக்கு மாப்பிள்ளையை விட்டவள்' ஆனேன். ஆனால் நிராகரிக்கப்பட்டவள் என்று இந்த முறை ஒருவரும் சொல்லவில்லை. தான்தான் முதலில் வேண்டாமென்றதை ஒருவரிடமும் சொல்லாமல் ரெஜி என் பேரைக் காப்பாற்றினார்.

திரேசம்மா அக்கா காலமாகி வருடங்கள் ஆகின்றன. மலைக்குப் போய்த் தற்செயலாகச் சந்திக்கும் கூத்தும் அவரோடு போய்விட்டது. இன்றைய பிள்ளைகள் போனில் ஆறு மாதம் கதைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சொல்கிறார்கள், நல்லது. எனக்கும் முப்பத்திரண்டு வயதில் கலியாணம் நடந்தது. தங்கமான மனிதர், நாலு பல்லில் ஓட்டை. நானே கூட்டிப்போய் அடைப்பித்தேன்.

அம்மாவின் அந்த ஒரு மாதக் கோபம் முடிந்த நாளில் வேலையால் வந்து குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு தட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு துண்டுச் சீஸ். தன் அரைகுறை ஜேர்மனில் கடை கடையாகக் கேட்டு அம்மா வாங்கி வந்தது.

"மணந்து பார் பிள்ளை, ஒரு மணமும் இல்லை. இதைத் தின்னச் சொல்லி அந்தப் பெடியனிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

எனக்கும் அவரைப் பிடித்திருந்தது அம்மா என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். "இதுவும் மணக்குது" என்றேன். அம்மா குனிந்து இன்னொரு முறை மணந்து பார்த்தார். இப்போது அம்மா இல்லை.