புளியரை வரை வந்த தங்கமாரி

கூமாப்பட்டியில் தேங்காய் லோடு ஏற்றி முடித்து, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தங்கமாரியின் பெயர். "என்னம்மா, காலங்காத்தால?" என்றேன்.

"நான் அவ வீட்டுக்காரன் பேசுதேன் அண்ணாச்சி. நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்துதான் வந்தா" என்றார். "போயிட்டா" என்று அழுதார். மேலே நின்ற லோடுமேன்கள் "கயித்த இழுங்கண்ணே" என்று கத்தினார்கள். இழுத்துக் கட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் லாரி ஓட்டும் உங்களுக்கு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தங்கமாரியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் வயரிங் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். "ஹெட்லைட் எரியலன்னு வாராவ, பொம்பளயப் பாத்ததும் எரியுதுன்னு போயிருதாவ" என்று சிரிப்பார். நானும் முதல் நாள் கடை வாசலில் நின்று, "மெக்கானிக் எங்கம்மா?" என்று அவரிடமே கேட்டவன்தான். "கண்ண நல்லாத் தொடச்சிட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

என் லாரி பழையது, பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டாக மொத்தம் ஆறு சக்கரம். முன்பு வைத்திருந்தவர் அதில் டயர்க் காற்றைக் காட்டும் கருவி மாட்டியிருந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். காற்று குறைந்தால் ஸ்டியரிங் பக்கத்திலுள்ள பெட்டி கத்தி, எந்தச் சக்கரம் என்று படத்தில் காட்டும். சென்சார்களின் பேட்டரி ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோனது. பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. "கழட்டி எறிஞ்சிரும்மா, என் கையில கம்பி இருக்கு, தட்டிப் பாத்துக்கிடுதேன்" என்றேன். தங்கமாரி விடவில்லை. "பின்னால உள்பக்கச் சக்கரம் உங்க கண்ணுக்குத் தெரியுமா? பெட்டிக்குத் தெரியும்" என்று ஆறு புதிய சென்சார்களை வரவழைத்துவிட்டார்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் டயர்களைக் கழற்றிக் கொடுக்க, ஆறையும் அவரே மாட்டினார். அடுத்தது, எந்த சென்சார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. கூட வந்த தாளில், டிரைவர் பக்கத்து முன்சக்கரத்தில் தொடங்கி வரிசையாகச் சுற்றி வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நம் ஊரில் டிரைவர் பக்கம் என்றால் வலது பக்கம். அங்கே தொடங்கினோம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பெட்டி பீப் என்றது. எல்லா டயரிலும் காற்று சரியாக இருந்ததால் படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அந்தத் தாள், ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதியது. பெட்டிக்குள் என் லாரியின் இடதும் வலதும் இடம் மாறிக் கிடந்தன.

மறுநாள் தேங்காயோடு கேரளாவுக்குக் கிளம்பினேன். கடையநல்லூர் தாண்டியதும் பெட்டி கத்தியது. டிரைவர் சைடு, பின்னால் உள்சக்கரம். இறங்கிக் கம்பியால் தட்டினேன். கிண்ணென்று இருந்தது, காற்றில் குறை இல்லை. மறுபடி கத்தியது, மறுபடி இறங்கினேன், அதே சத்தம். மறுபக்கம் போய்த் தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எரிச்சலில் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். மலையடிவாரத்தில் புளியரையில் ஒரு டீ குடித்துவிட்டு மலை ஏறுவதாக இருந்தேன்.

டீ கையில் இருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் என் லாரியின் முன்னால் குறுக்கே வந்து நின்றது. தங்கமாரி. முகமெல்லாம் புழுதி.

"ஏறாதீய அண்ணாச்சி! பெட்டிக்கு இடது வலது மாத்திச் சொல்லிக்கொடுத்துட்டேன். தப்பு என்னோடது."

காலையில் வேறொரு லாரிக்கு அதே கருவியை மாட்டியிருக்கிறார். இடது டயரில் காற்று குறைந்திருக்க, பெட்டி வலது டயரைக் காட்டியதும் விஷயம் புரிந்திருக்கிறது. எனக்குப் பலமுறை போன் செய்திருக்கிறார். ஓட்டும்போது நான் எடுப்பதில்லை. நான் போகும் வழி தெரியும் என்பதால், கடையைச் சாத்திவிட்டு அறுபது கிலோமீட்டருக்கு மேல் அந்த வெயிலில் ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். லாரியிலிருந்த கம்பியை எடுத்துக்கொண்டு இடது பக்கம், கிளீனர் பக்கம் போய் உள்சக்கரத்தைத் தட்டினார். பொத்தென்று கேட்டது. பாதிக் காற்றுகூட இல்லை. அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் வெளிச்சக்கரம் ஒன்றின் மேல் இருந்தது. மலை வளைவில் அது வெடித்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

அங்கிருந்த பஞ்சர் கடையில் அந்தச் சக்கரத்தின் சென்சாரை ஸ்டெப்னிக்கு மாற்றி மாட்டியதும், நான் பிடுங்கிய வயரையும் கோர்த்து, ஆறு சக்கரத்தையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். "இப்ப ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் காத்த எறக்குங்க. பெட்டி எதக் காட்டுதுன்னு நீங்க சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றார். ஆறும் சரியாக வந்து, இறக்கிய காற்றை மறுபடி அடித்த பிறகுதான் ஸ்கூட்டரை எடுத்தார்.

திரும்பி வந்து லாரி ஸ்டாண்டில் அதை நான் எப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 'இடது வலது தெரியாத எலெக்ட்ரீஷியன்' என்று சொல்லிச் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். அவர் துரத்தி வந்ததை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால், வயரைப் பிடுங்கியதையும் மறுபக்கம் தட்டாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதன்பிறகு பல மாதங்கள் அவர் கடைக்கு லாரிகள் போகவில்லை.

அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. தான் வேலை பார்த்த லாரிகளை ஒவ்வொன்றாகத் தேடி ஸ்டாண்டுக்கே வந்தார். டிரைவர்களைக் காற்றை இறக்கச் சொல்லிச் சோதித்துக் காட்டினார். மகாராஜபுரத்தில் ஒரு தோப்புக்குள்ளேயே போய் ஒரு லாரியைச் சரிபார்த்ததாகக் கேள்விப்பட்டேன். விட்டுப்போனவர்கள் மெல்லத் திரும்பினார்கள். அதற்கு அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஒருமுறை என் லாரியின் டைனமோவைக் கழற்றியபடியே சொன்னார்: "நீங்க சொன்ன கதைய ஒரு டிரைவர் எங்கிட்டயே சொன்னாவ அண்ணாச்சி. நல்லாத்தான் சொல்லியிருக்கீய. புளியரைக்கு முன்னாலயே நிப்பாட்டிட்டீய."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் வேலையைத் தொடர்ந்தார். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, தவறு தெரிந்த அந்த நிமிடமே கடையைச் சாத்திக் கிளம்பிய அந்த வேகத்தை. எனக்கு அது வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. இனி எந்த ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினாலும் முழுக் கதையையும் சொல்வேன். அன்று நான் உயிரோடு மலை ஏறியது அவரால். அவர் கடை வாசல் காலியாகக் கிடந்தது என்னால். மன்னிப்பீயளா என்று கேட்க இப்போது அவர் இல்லை.