கடைசிச் சீட்டை வெட்டிய வீடியோ

வெளிமாநிலத்தில், கராடி என்ற இடத்தில் மென்பொருள் வேலை பார்த்த காலத்தில் ஆன்லைனில் போக்கர் சீட்டு ஆடுவேன். ஆட்டத்தைத் திரையில் ஓடுகிறபடியே பதிவுசெய்து கோகுலிடம் கொடுப்பேன். கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்கார ஆட்டக்காரன். அந்த வீடியோவின் மேலேயே தன் குரலில் குறைநிறை பேசித் திருப்பித் தருவான்.

ஒருமுறை நான் ஜெயித்த ஆட்டத்தைப் பெருமையாகக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் முழுக்கத் திட்டு. போதாததற்கு, கடைசிச் சீட்டு விழுந்து நான் ஜெயிக்கிற இடத்தையே வெட்டியிருந்தான்! பைக்கை எடுத்துக்கொண்டு நேரே பக்கத்து மகர்பட்டாவில் இருந்த அவன் அறைக்குப் போனேன்.

"நான் ஜெயிச்சத ஏன்டா வெட்டின? பொறாமையா?"

"அந்தச் சீட்டு வந்ததுனாலதானுங்ணா தப்பு உங்க கண்ணுக்குத் தெரியல. வராம போயிருந்தா, 'என்ன கிறுக்குத்தனமா ஆடிட்டேன்'னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு. எல்லோரும் கைகொடுத்தார்கள். அந்தப் பதவிக்கு என்னோடு போட்டியில் இருந்தவர் வேலையை விட்டுப் போகாமல் இருந்திருந்தால்? கடித்த கேக்கை அப்படியே தட்டில் வைத்தேன்.

ஒரு வெற்றியையாவது நிம்மதியாகக் கொண்டாட விடுகிறானா இந்தக் கோகுல், பாவி! அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.