அந்த நகரத்தில் ஒரே ஒரு ஓவசியர்

என் வாகனக் கொட்டிலின் சுவரில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய்க்கு மேலே, இன்னொரு குழாய் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தெளிந்த பிளாஸ்ரிக், சுட்டுவிரல் தடிப்பு. வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தது. ஒக்லண்டில், பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகன் அதைக் குப்பையில் போடப் பார்ப்பான். இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்பான். மட்டம் பார்ப்பதற்கு என்று தமிழில் சொல்வேன். இரண்டு பேருமே அதற்கு மேல் போகமாட்டோம்.

வீடு கட்டும் மேசன்மார் வைத்திருக்கும் சாமான் அது. உள்ளே தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு இடத்தில் பிடித்தால், நடுவில் மேடு பள்ளம் எது இருந்தாலும் இரு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே அளந்தால் எந்தத் தரை உயரம், எது பள்ளம் என்பது தெரிந்துவிடும். மின்கலம் வேண்டாம், பயிற்சிப் பட்டறை வேண்டாம், ஆலோசகர் வேண்டாம். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. நானோ அப்படிப்பட்ட கருவிகள் எதுவும் இல்லாமலே ஒரு தொழிலைச் செய்து ஓய்வுபெற்றவன். சர்வதேச நிறுவனங்கள் ஏழை நாடுகளில் செய்யும் வேலையை மதிப்பீடு செய்வது என் தொழில்.

கடைசி ஒப்பந்தம் என் சொந்த நாட்டுக்கே வந்தது. போர் முடிந்து சில வருடங்கள். வடக்கில் ஒரு சிறு நகரம். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஒரு பெரிய நிறுவனம் அங்கே நகர அபிவிருத்தித் திட்டம் ஒன்றை நடத்தி முடித்திருந்தது. மதிப்பீட்டாளராக என்னைத் தேர்ந்ததற்கு என் அனுபவமே காரணம் என்று கடிதம் சொன்னது. உண்மையான காரணம் எனக்குத் தமிழ் தெரியும், மொழிபெயர்ப்பாளரை அமர்த்தத் தேவையில்லை என்பது. இந்த வரியை எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது. மற்ற வரிகளுக்கு வராது.

திட்டத்தின் பெருமை ஒரு வடிகால். சந்தையில் தொடங்கி, மீள்குடியேறியவர்களுக்கென்று கட்டிய வீட்டுத்திட்டத்தின் ஓரமாகப் போய், ஒரு மதகு வழியாகக் கடலேரியில் விழவேண்டியது. வெற்றியை அளக்கத் திட்ட ஆவணத்தில் ஒரு குறிகாட்டி இருந்தது: கட்டி முடிக்கப்பட்ட வடிகாலின் நீளம். நீளம் சரியாக இருந்தது. அதற்குள் தண்ணீர் ஓடவேண்டும் என்று எந்தக் குறிகாட்டியும் கேட்கவில்லை. இப்படியொரு அட்டவணையைத் தயாரிக்க மூன்று நாடுகளிலிருந்து ஆட்கள் பறந்து வந்து ஒரு வாரம் ஹோட்டலில் தங்கியிருந்தார்கள்.

நகரசபையில் ஓவசியரைச் சந்தித்தேன். பதவிப் பெயர் தொழில்நுட்ப அலுவலர். ஊரில் எல்லோருக்கும் ஓவசியர். மெலிந்த மனிதர், வெள்ளைக் கட்டைக்கைச் சட்டை, பையில் பென்சில். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. பேட்டிக்கு முன் நடைமுறைப்படி சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். உங்கள் பெயர் எங்கும் வராது, அடையாளம் வெளிப்படுத்தப்படாது, பதவி மட்டும் குறிப்பிடப்படும். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுப் பென்சிலால் காதைச் சொறிந்தார்.

"பேர் வராது, சரி. ஆனா சேர், இந்த ரவுணில ஓவசியர் எண்டு நான் ஒராள்தானே இருக்கிறன்?"

"அது வழமையான நடைமுறை. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ," என்றேன்.

"நடைமுறை எண்டா சரி," என்று கையெழுத்து வைத்தார். அவர் என்னைக் கேலி செய்தாரா, நம்பினாரா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். படிவத்தில் அடுத்த கேள்வி இருந்தது.

பேட்டியை அரைவாசியில் நிறுத்திவிட்டு, வாங்கோ காட்டுறன் என்று எழும்பினார். மோட்டார்சைக்கிளின் பின்னால் அந்தக் குழாயைக் கட்டியிருந்தார். வீட்டுத்திட்டத்தின் மூலையில், வடிகாலுக்குள் இறங்கி ஒரு முனையை நான் பிடிக்கவேண்டும். மதகடியில் மற்ற முனை அவரிடம். காலணியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கணுக்கால் அளவு கறுத்த தண்ணீர், மழை பெய்து பல நாளாகியும். தண்ணீர் குழாய்க்குள் ஆடி ஆடி நின்றது. அவர் தன் பக்கத்தை அளந்து, வந்து என் பக்கத்தையும் அளந்தார்.

"நாலு விரற்கடை. மதகடி உயரம், இஞ்சை பள்ளம். சந்தைத் தண்ணி முழுக்க வந்து இந்தச் சனத்தின்ர வாசலில நிக்கும். கட்டேக்கயே சொன்னனான். படம் வெளிநாட்டில கீறி வந்தது, மாத்தேலாது எண்டவை."

"எழுத்தில குடுத்தனீங்களோ?"

"குடுத்தனான். பதில் வந்தது. கவனத்தில் எடுக்கப்பட்டது எண்டு."

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒரு பெண், "ஓவசியர், இண்டைக்கும் அளந்துபோட்டுப் போறீங்கள். ஒருநாளைக்கெண்டாலும் உடைச்சுப்போட்டுப் போங்கோவன்," என்றாள். அவர் சிரித்தார். மதகை உடைத்து நாலு விரற்கடை இறக்கினால் போதும், ஒரு வாரத்து வேலை என்று என்னிடம் சொன்னார். ஆனால் கையளித்து முடிந்த கட்டுமானத்தில் கைவைக்க நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். நான் எழுதினால் அது கிடைக்கும் என்று அவர் நம்பினார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பிறகு தன் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மனைவிக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இயங்காது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தேநீர் கொண்டுவந்தாள். புறப்படும்போது ஓவசியர் குழாயைச் சுருட்டி என் கையில் தந்தார். "கொண்டுபோங்கோ சேர். கொழும்பில அவைக்கு விளங்காட்டி, இதைப் பிடிச்சுக் காட்டுங்கோ."

நான் காட்டவில்லை. கொழும்பு ஹோட்டலின் குளிரூட்டிய அறையில், திட்டப் பணிப்பாளருக்கும் அவருடைய ஆட்களுக்கும் முன்னால் வடிகாலைப் பற்றிச் சொன்னேன். பணிப்பாளர் நல்ல மரியாதைக்காரர். அது சுவையான சம்பவம் என்றும், ஒரே ஒருவருடைய கூற்று ஆதாரமாகாது என்றும், வேறு மூலங்களால் உறுதிப்படுத்தப்படவில்லை என்றும் சொன்னார். குழாய் என் காலடியில் பைக்குள் கிடந்தது. மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. மூன்று நிமிடத்தில் நீர்மட்டம் என்றால் என்ன என்று காட்டியிருக்கலாம். பட்டங்களும் கழுத்துப்பட்டியும் உள்ள ஒருவன் அந்த மேசையில் மேசனின் குழாயை எடுத்து வைப்பதா என்று கூச்சமாக இருந்தது. பெரிய காரணம் எதுவும் இல்லை. கூச்சம்தான்.

ஆனாலும் முன்வரைவில் எழுதினேன், எழுதாமல் விடவில்லை. "மதகின் அடிமட்டம் உயரமாக உள்ளதென நகரசபையின் தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் தெரிவித்தார்." ஒருவர். பத்துப் பேரில் ஒருவர் போல. இணைப்பில், பேட்டி கண்டவர்களின் பட்டியலில், பெயர்களையெல்லாம் நானே நீக்கிப் பதவிகளை மட்டும் விட்டேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். பெரிய நகரங்களுக்கென்று யாரோ எழுதிய விதியை, ஒரே ஒரு ஓவசியர் இருந்த ஊருக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினேன். அந்த ஓவசியர் அதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தும்.

முன்வரைவு நடைமுறைப்படி தகவற்பிழை பார்ப்பதற்காக எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பப்பட்டது. நகரசபையும் பங்காளி. நிறுவனத்தின் கருத்துகள் அட்டவணையாகத் திரும்பி வந்தன. பந்தி எண், கருத்து, மதிப்பீட்டாளரின் பதில். வடிகாற் பந்திக்கு எதிரே "சமநிலை தேவை" என்றிருந்தது. சமநிலைப்படுத்தினேன். இறுதி அறிக்கையில் "சில இடங்களில் நீரோட்டம் தொடர்பான சவால்கள் அவதானிக்கப்பட்டன" என்று ஆனது. திட்டத்துக்கு மொத்தத் தரம் திருப்திகரம். ஆக, உலகம் வாசித்த இறுதி அறிக்கையில் மதகு இல்லை. நகரசபை மேலதிகாரிகள் வாசித்த முன்வரைவில் ஓவசியர் இருந்தார்.

இரண்டு மாதத்தில் ஒக்லண்டுக்கு அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தது. அனுமதியில்லாமல் வெளியாருக்குத் தகவல் கொடுத்தார் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கூடவே, சேவையின் தேவை கருதி, நாட்டின் மறுகோடிக்கு இடமாற்றம்.

"சேர், நீங்கள் ஒரு கடிதம் தரேலுமோ? நீங்கள் கேட்டுத்தான் நான் சொன்னனான் எண்டு. உங்கட பேரில தந்தாக் காணும்."

பார்க்கிறேன் என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தரப்போடு நேரடித் தொடர்பு கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. கோரிக்கையை நிறுவனத்துக்கு அனுப்பினேன். உள்ளூர் ஆளணி விடயங்களில் தலையிடுவதில்லை என்று அன்போடு பதில் எழுதினார்கள். யாருக்கும் தீங்கு செய்யாதே என்பது அவர்களுடைய கொள்கை. ஒவ்வொரு அறிக்கையின் உள்ளட்டையிலும் அச்சடித்திருக்கும். அந்தப் பதிலையும் நான் ஓவசியருக்கு அனுப்பவில்லை. அவர் மறுபடி அழைக்கவில்லை.

ஒன்றிரண்டு வருடங்களுக்கு முன், பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஆட்களின் பொங்கல் விருந்து. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்த றிப்போட் எழுதின அங்கிள்? நான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்தனான். சீனி வேண்டாம் எண்டனீங்கள்."

அவள் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அப்பா இடமாற்றத்தில் போனபின் அம்மாவைப் பார்க்க ஆள் இல்லாமல், அந்த வருடம் தான் பரீட்சை எழுதவில்லை என்றாள். அம்மா அடுத்த வருடம் போய்விட்டார். அப்பா ஓய்வுபெற்று வீடு திரும்பிச் சில காலம் இருந்து, போன மாரியில் செத்துப்போனார். அவள் கலியாணம் செய்து இங்கே வந்து மங்கரே விமான நிலையத்தில் சரக்கு வேலை செய்கிறாள். தொலைபேசியில் ஊர்ப்படம் ஒன்றைக் காட்டினாள். வீட்டுத்திட்டத்தின் வாசல்களில் முழங்காலளவு தண்ணீர்.

"இப்பவும் அப்படித்தான் இருக்கா அங்கிள்?" என்று பின்னால் நின்ற தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் அவளைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

இந்த வருடம் குளிர்காலத்தில் அவள் அழைத்தாள். மாசி என்ற புறநகரில் வங்கிக் கடன் எடுத்து வாங்கிய புது வீடு. பின்வளவில் மழைத்தண்ணீர் போகாமல் நின்று, சுவரடியில் ஊறுகிறதாம். கட்டிய நிறுவனத்தின் ஆள் வந்து லேசர் வைத்துப் பார்த்து எல்லாம் சரி என்று போய்விட்டானாம்.

"அப்பான்ர ரியூப் இன்னும் வைச்சிருக்கிறீங்களே, அங்கிள்?"

கொண்டுபோனேன். தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழை விரலால் தட்டி விரட்டினாள். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. வடிகாலின் வாயில் அவள் நின்றாள், சுவரடியில் நான். இம்முறை சொல்லாமலே காலணியைக் கழற்றினேன். தண்ணீர் ஆடி நின்றது. தன் பக்கத்தை அளந்துவிட்டு, சேற்றுக்குள் நடந்து வந்து என் பக்கத்தையும் அளந்தாள்.

"ரெண்டு விரற்கடை. வாய் உயரம். வீட்டுப் பக்கம் பள்ளம்."

முறைப்பாட்டுக் கடிதத்தை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. அவளுடைய சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து, பழகிய விரல்களால் தட்டினேன். அவள் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"குடியிருப்பாளர் ஒருவர் எண்டு போடாதேங்கோ அங்கிள். அப்பாவையும் அப்பிடித்தான் போட்டனீங்கள்."

அழித்தேன். அவளுடைய முழுப்பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினேன். அளந்தபோது உடனிருந்தவர் என்ற இடத்தில் என் பெயரை, என் முகவரியை, என் பழைய தொழிலை எழுதினேன். அச்செடுத்துத் தந்தாள், கையெழுத்து வைத்தேன். அரைப் பக்கக் கடிதம். எந்த ஒப்பந்தமும் குறுக்கே வரவில்லை. அன்றைக்கும் வந்திருக்காது. அந்தப் பிரிவை மீறினால் என்ன செய்வார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்: அடுத்த ஒப்பந்தம் தரமாட்டார்கள். அதுவே என் கடைசி ஒப்பந்தம். இழக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. ஒரு மனிதரின் குடும்பத்தை நான் பலிகொடுத்தது, வராத ஒரு வேலைக்காக.

என் மதிப்பீட்டு அறிக்கை இன்றும் அந்தச் சர்வதேச நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. மதகைப் பற்றித் திருத்தம் சேர்க்கச் சொல்லி, அவள் வீட்டிலிருந்து வந்த மறுநாள் எழுதினேன். வெளியிட்ட ஆவணங்களை மாற்றுவதில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன். எனக்கு நேரம் இருக்கிறது. அவர்களுடைய ஒவ்வொரு விதியின் இலக்கமும் மனப்பாடம்.

அன்று புறப்படும்போது குழாயைச் சுருட்டினேன். அவள் கையை நீட்டினாள்.

"அதை வைச்சிட்டுப் போங்கோ. அவங்கள் வரேக்க பிடிச்சுக் காட்டவேணும்."

வைத்துவிட்டு வந்தேன். பிளாக்ஹவுஸ் பேயில் பச்சைக் குழாய்க்கு மேலே இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. போன கிழமை வந்த மகன் அதைப் பார்த்துவிட்டு, ஒருவழியாக எறிந்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டான். இல்லை, அது யாருடையது என்று சொல்கிறேன், இரு என்றேன். ஓவசியரின் பெயரிலிருந்து தொடங்கினேன்.