உப்புப் பார்த்த மட்டி

அன்று பின்வளவில் நின்றது அம்மா, அப்பா, நான். வேறு ஒருவருமில்லை. பக்கத்து வீட்டுக்காரி சன்னலைச் சாத்திக்கொண்டாள். அவளைக் கணக்கில் எடுக்க முடியாது.

லண்டனில், அப்டன் பார்க்கில் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கற்காலத்துக் கடற்கரை மனிதரைப் பற்றிப் படிப்பித்தார்கள். குளிர் தொடங்கி வேறு சாப்பாடு குறைகிற காலத்தில், கடல் வற்றுகிற நேரம் பார்த்து மட்டி பொறுக்கித் தின்பார்களாம். எறிந்த சிப்பிக் கோதுகள் மலையாகக் குவிந்துபோகுமாம். வகுப்பிலும் ஒரு குவியல் செய்வோம், கோது கொண்டுவாருங்கள் என்றார் டீச்சர். தின்ற கோதுதான் செல்லும், வேறு கொண்டுபோனால் பிடிபட்டுவிடுவேன் என்று நானாகவே பயந்துகொண்டேன். பதினாறில் பள்ளிக்கூடத்தை விடும்வரை இந்தப் பயம்தான் என் படிப்பு.

கந்தசஷ்டி நாட்கள் அவை. வீட்டுக்குள் மீன் வராது. சண்டை நடந்த வன்னியில் இருந்த தன் தம்பியிடமிருந்து, என் மாமாவிடமிருந்து, ஒரு சேதி வரவேண்டும் என்று அம்மா ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் இருந்தார். நான் அழுத அழுகையில் அப்பா மட்டி வாங்கிவந்து, காஸ் அடுப்பைப் பின்வளவுக்குத் தூக்கிப்போனார்.

“நீர் விரதகாரி, உள்ளை போம். நான் காய்ச்சுறன்.”

“நீங்கள் காய்ச்சினால் பிள்ளைக்கு வயித்தாலை போகும். அங்காலை தள்ளுங்கோ.”

மஞ்சளும் தூளும் போட்டுக் கொதித்ததும், அம்மா அகப்பையால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். தினமும் உப்புப் பார்க்கிற கை அது. “உப்புக் காணாது” என்று சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

“மறந்துதானே செய்தனீர். முருகன் கோவிக்கமாட்டார்,” என்றார் அப்பா.

என் கவலை வேறு. அடுப்பை அணைத்துவிட்டால் நாளைக்கு எதைக் கொண்டுபோவது? “உப்பைப் போடுங்கோ அம்மா,” என்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அம்மா போட்டார்.

மறுநாள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்குப் போன கடற்கரைகளில் பொறுக்கிய வெள்ளைக் கோதுகளோடு வந்திருந்தார்கள். என்னுடையவை மஞ்சள் பிடித்து, கறி மணத்தன. “கற்காலத்தில் கறிக்கடை இருந்ததா?” என்று ஒருவன் மூக்கைப் பொத்தினான். டீச்சரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவற்றைக் குவியலின் அடியில் வைத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை.

சஷ்டியின் கடைசி நாள், சூரன்போரன்று, அம்மா கோயிலுக்குள் வரவில்லை. செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்றுவிட்டார். சனம் திரும்பிப் பார்த்தது. எனக்கு அதுவும் வெட்கம். கையைப் பிடித்து இழுத்தேன்.

“நான் இதிலை நிக்கிறன் ராசா. இந்தமுறை நீ போய் மாமாவுக்காகக் கேள்.”

மாமாவுக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. நான் ஆசைப்பட்ட சாமானையே அவருக்கும் கேட்டேன். வெளியே வந்ததும் அம்மா குனிந்து, “என்ன கேட்டனி?” என்றார்.

“சைக்கிள்.”

பஸ் வரும்வரை அம்மா கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னச் சைக்கிளாகக் கேட்டுவிட்டேனோ என்றுதான் எனக்குக் கவலை.